செய்தி குறைந்ததால் டிஸ்க் சரியாகிவிடவில்லை

அண்ணாச்சி, பாளையங்கோட்டை ஸ்டுடியோ கம்ப்யூட்டரின் லாக்கில் (நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவில்) டிஸ்க் பிழைகளோடு ‘கால்பேக்ஸ் சப்ரஸ்டு’ (callbacks suppressed) என்று வந்ததை வைத்து, “கெர்னலே (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் புரோகிராமே) பிழையைச் சரிசெய்துவிட்டது, டிஸ்கை மாற்ற வேண்டாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அடக்கப்பட்டது செய்தி மட்டும்தான், பிழை அப்படியே இருக்கிறது.

டிஸ்கில் கெட்டுப்போன செக்டாரை, அதாவது தகவல் இருக்கும் சிறு பகுதியை, திரும்பத் திரும்பப் படிக்கும்போது லாக்கில் ஒரே பிழை வரி ஆயிரக்கணக்கில் கொட்டும். முதலில் வந்த உருப்படியான வரிகள் அதில் அடித்துக்கொண்டு போய்விடும். அதைத் தடுக்கத்தான் லினக்ஸ் கெர்னலில் இந்தக் கட்டுப்பாடு: வழக்கமான அளவு 5 விநாடிக்கு 10 செய்தி. விடுபட்டவை எத்தனை என்பதைத்தான் அந்த ‘சப்ரஸ்டு’ வரி சொல்கிறது. படிக்கக் கேட்ட புரோகிராமுக்குப் பிழை எப்போதும்போல் போய்ச் சேரும்.

அப்புறம், இந்த 10 செய்திக் கணக்கு பெரும்பாலும் டிஸ்குக்கு ஒன்று என்று இருக்காது. கெர்னலின் நிரலில் (code) அந்த வரியை அச்சிடும் இடத்துக்கு ஒன்றுதான். ஒரு டிஸ்க் பிழைகளைக் கொட்டிக்கொண்டிருந்தால், பக்கத்து டிஸ்கின் பிழையும் சேர்ந்து விடுபடலாம். எனவே இரண்டு டிஸ்கிலும் ஸ்மார்ட் (SMART, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைப்பது) விவரத்தில் பெண்டிங் செக்டார், அதாவது சரியாகப் படிக்க முடியாமல் நிற்கும் செக்டார், எண்ணிக்கையைப் பாருங்கள். அதற்கும் முன்னால், கல்யாணப் படங்களை இன்றைக்கே வேறு டிஸ்குக்கு எடுத்துவிடச் சொல்லுங்கள்.