கியர்பாக்ஸையும் சேர்த்தே மாற்றுங்கள்
பழைய அம்பாசடரில் இசுஸு 1.8 பெட்ரோல் இன்ஜினை ஏற்ற மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் பிடிமானம்) பொருந்தினால் போதும், பழைய கியர்பாக்ஸே ஓடும் என்று கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1990களில் அந்த இன்ஜின் கம்பெனியிலிருந்தே 5 கியர் பாக்ஸோடுதான் வந்தது; பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் அதற்கு அளவானவை. இன்ஜினும் கியர்பாக்ஸும் செட்டாகக் கிடைக்கும்வரை காத்திருங்கள். மதுரையில் எங்கள் வண்டிக்கு அப்படித்தான் செய்தோம். ஸ்டியரிங் பக்கம் இருந்த கியர் லிவர் தரைக்கு வந்ததால் தகட்டை வெட்ட வேண்டியிருந்தது, அது சின்ன வேலை. நேரம் தின்றது, கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்தான்: நீளத்தை லேத்தில் சரிசெய்து பேலன்ஸ் பார்க்க வேண்டும், கியர்பாக்ஸ் பின்முகமும் பின் அச்சிலுள்ள கிரவுன் முகமும் இணையாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே கப்பலூர் தாண்டி வேகம் எடுத்ததுமே வண்டி அதிரும், ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ் சீக்கிரம் தேய்ந்துவிடும். ரேடியேட்டரையும் பிரேக்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள், சித்திரை வெயிலில் டவுன் நெரிசல் லேசுப்பட்டதல்ல. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர், இன்ஜின் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதியும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியில் செய்யும் இப்படிப்பட்ட மாற்றங்களைப் பற்றியதுதான். ஆர்.சி.யில் பழைய இன்ஜின் நம்பரே இருந்தால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கேட்பது பெரும்பாடு. இன்ஜின் வாங்கும்போதே பில்லையும், அது இருந்த வண்டியின் ஆர்.சி. நகலையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.