அம்மா ரோட்டைத் தாண்டுகிற அந்தப் பத்து நொடி

செவ்வாய்க்கிழமை என்றால் காரிமங்கலம் சந்தை. விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் அம்மா கூடையோடு கிளம்பிவிடுவார். அவரைக்காய், கத்தரிக்காய், நாலு கட்டு கீரை என்று தோட்டத்தில் அந்த வாரம் எது உண்டோ அது. எங்கள் ஊர் காரிமங்கலத்துக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு மேற்கே இருக்கிறது. காரிமங்கலம் போகிற பஸ் கிழக்குப் பக்கம்தான் நிற்கும். அதனால் காலையில் அம்மா ரோட்டைத் தாண்டியாக வேண்டும். நான் கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் எனக்குக் கவலை இல்லை, பஸ் எங்கள் பக்கமே வரும். இரவு எட்டு மணிக்குத் திரும்பும்போது எதிர்ப்பக்கத்தில் இறங்கி நான் தாண்ட வேண்டும். ஒரே வீட்டில் காலையில் ஒருத்தர், இரவில் ஒருத்தர்.

அம்மா தாண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். முதலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தர்மபுரி பக்கமிருந்து வருகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டு நிற்பார். இடைவெளி கிடைத்ததும் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு வேகமாக நடந்து நடுத்தடுப்புக்குப் போய்ச் சேர்வார். அங்கே அரளிச் செடிகளுக்கு நடுவில், ஆட்கள் ஏறி ஏறித் தேய்ந்த ஒரு சந்து இருக்கிறது. கூடையைத் தடுப்புச் சுவர் மேல் வைத்து, புடவையைச் செருகிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிப் போட்டு ஏறி, கூடையை எடுத்து அந்தப் பக்கம் வைத்து இறங்குவார். அவருக்கு முழங்கால் வலி வேறு. அப்புறம் மறுபடியும் நின்று, ஓசூர் பக்கம் பார்த்து, மீதிப் பாதி. எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் ஓட்டுநர் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக வைத்த செடி அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் அதற்குள் நின்றால் அவரையும் சேர்த்து மறைத்துவிடுகிறது.

“சப்வே வழியாகப் போக வேண்டியதுதானே” என்று கேட்பார்கள். அந்த சப்வே, அதாவது ரோட்டுக்கு அடியில் போகிற பாலத்தடி, எங்கள் நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல். போக ஒரு கிலோமீட்டர், அந்தப் பக்கம் ஏறிப் பஸ் நிற்கிற இடத்துக்குத் திரும்பி வர இன்னொரு கிலோமீட்டர், தலையில் கூடையோடு. பாலத்தடியிலேயே பஸ் நிற்குமா என்றால் நிற்காது. மழை பெய்தால் அங்கே கெண்டைக்கால் அளவு தண்ணீர். விளக்கு இல்லாத அந்த வழியில் இரவில் நான் தனியாகப் போக மாட்டேன், எந்தப் பெண்ணையும் போகச் சொல்லவும் மாட்டேன்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு நொடியில் 28 மீட்டர் வந்துவிடும். ஒரு பக்கத்து இரண்டு தடங்களையும் ஓரத்தையும் தாண்ட அம்மாவுக்குப் பத்து நொடி ஆகிறது. அப்படியானால் அவர் காலை எடுத்து வைக்கும்போது வண்டி 280 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். விடிகாலை இருட்டில் அத்தனை தூரத்தில் தெரியும் ஒரு விளக்கு லாரியா, காரா, எந்த வேகத்தில் வருகிறது என்று அறுபது தாண்டிய கண் எப்படிக் கண்டுபிடிக்கும்? கவனமாகத் தாண்டுங்கள் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் கவனமில்லாமல் தாண்டுகிறவர் யாரும் இல்லை. உயிர்ப் பயத்தோடுதான் அத்தனை பேரும் தாண்டுகிறார்கள்.

போன வருடம் நானும் ஊர்க்காரர்கள் சிலரும் ஒரு அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “அந்த இடத்தில் எத்தனை பேர் தாண்டுகிறார்கள் என்று கணக்கு இருக்கிறதா?” என்று கேட்டார். எங்களிடம் இல்லை. அவரிடமும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் சாலைக்கு எப்படிக் கணக்கு எடுக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நம் நாட்டில் சாலைகளுக்கான விதிமுறைகளை எழுதுவது இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்கிற சாலைப் பொறியாளர்கள் அமைப்பு. ஒரு சாலையில் எவ்வளவு போக்குவரத்து என்று பார்க்க எல்லா வண்டிகளையும் கார்க் கணக்குக்கு மாற்றுகிறார்கள். ஊர்ப்புறச் சாலைகளுக்கு 1990-இல் வந்த வழிகாட்டியில் கார் என்றால் 1, பஸ்ஸும் லாரியும் 3, பைக்கும் சைக்கிளும் அரை, மாட்டு வண்டி 8. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு வருகிற டவுன் பஸ்ஸும் மூன்று கார்தான், ஒரே ஆளோடு வருகிற லாரியும் மூன்று கார்தான். நடந்து போகிறவருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. சாலையை அகலப்படுத்தலாமா என்று முடிவு செய்ய இந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். ஒரு மாவட்டத்தின் போக்குவரத்தையே இதை வைத்துத் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் நிறுத்தம்தான் சாட்சி.

நடப்பவர்களுக்கென்று இருக்கிற தனி வழிகாட்டியை 2012-இல் திருத்தி வெளியிட்டார்கள். நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். (தர்மபுரியில் நேதாஜி பைபாஸ் ரோட்டில் நடந்து பார்த்துவிட்டு 1.8 மீட்டர் எங்கே கிடைத்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.) கடக்கும் வசதி வேண்டுமா என்று பார்க்கவும் அதில் ஒரு கணக்கு உண்டு. ஒரு மணி நேரத்தில் தாண்டுகிறவர்களின் எண்ணிக்கையை, வண்டிகளின் எண்ணிக்கையோடு இரண்டு முறை பெருக்க வேண்டும். நடுத்தடுப்பு உள்ள சாலையில் விடை 20 கோடியைத் தாண்டினால் அங்கே ஏற்பாடு தேவை.

எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். இந்தக் கணக்கில் வருகிறவர்கள் தாண்டுகிறவர்கள் மட்டுமே. தாண்டப் பயந்து வீட்டோடு நின்றுவிட்டவர்கள் எதில் வருவார்கள்? எங்கள் தெருவில் ஒரு பெண், என்னைவிட இரண்டு வயது சின்னவள். காவேரிப்பட்டணத்தில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் இரவு திரும்பும்போது லாரி இடிக்காமல் மயிரிழையில் தப்பினாள். அடுத்த நாளே மாமியார் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். இன்னொரு வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை அவள் தம்பி ஊருக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு அவளை அப்பா பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். அவருக்கு வேலை இருக்கிற நாளில் அவளுக்கு லீவு. ரோடு எவ்வளவுக்கு எவ்வளவு பயமுறுத்துகிறதோ அவ்வளவுக்குத் தாண்டுகிறவர்கள் குறைவார்கள். தாண்டுகிறவர்கள் குறைவு என்பதாலேயே அந்த இடத்துக்கு ஒன்றும் தேவையில்லை என்று விடை வரும்.

விபத்துக் கணக்கும் இப்படித்தான். 500 மீட்டருக்குள் மூன்று வருடத்தில் ஐந்து பெரிய விபத்துகளாவது பத்து உயிரிழப்புகளாவது நடந்தால்தான் அந்த இடம் அரசுக் கணக்கில் ‘கரும்புள்ளி’, அதாவது விபத்து அதிகம் நடக்கிற இடம். தர்மபுரி - சேலம் ரோட்டில் இருக்கிற தொப்பூர் கணவாய் எல்லோருக்கும் தெரியும். பாரம் ஏற்றிய லாரிகள் நீண்ட சரிவில் பிரேக்கை மிதித்து மிதித்து, அது சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னால் போகிற வண்டிகள் மேல் ஏறிவிடும். 2024 ஜனவரியில் அங்கே லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்து நாலு பேர் இறந்த காட்சியை நாடே பார்த்தது. அங்கே உயர்மட்டச் சாலை வருவது மிகவும் நியாயம், எப்போதோ வந்திருக்க வேண்டும். ஆனால் சூளகிரியில் ஒருவர், குருபரப்பள்ளியில் ஒருவர், எங்கள் பக்கம் ஒருவர் என்று பால் ஊற்றப் போனவரும் டீக்கடைக்குப் போனவரும் தனித்தனியாகச் செத்தால் அது கரும்புள்ளி ஆகாது, பேப்பரில் நாலு வரியோடு சரி. 2022-இல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். பைக், ஸ்கூட்டரில் போனவர்கள் 74,897 பேர். இரண்டையும் கூட்டினால் மொத்தத்தில் பாதிக்கு மேல். இவர்களை நடுவில் வைத்து ஏன் திட்டம் போடக் கூடாது?

ராங் சைடில் வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பால் கேனைக் கட்டிக்கொண்டு எதிர்த்திசையில் வருகிறவரைப் பார்த்து எல்லோரும் திட்டுகிறார்கள். தப்புதான், நான் நியாயப்படுத்தவில்லை. அவர் பால் சொசைட்டி 300 மீட்டரில் இருக்கிறது. சரியான வழியில் போனால் திரும்புகிற இடம் மூன்று கிலோமீட்டர் தள்ளி. சர்வீஸ் ரோடு பாதியில் நின்றுபோகிறது. காலையும் மாலையும் பால் ஊற்றுகிறவர் தினமும் அந்தப் பெட்ரோலை எதில் ஈடுகட்டுவார்? அந்த சர்வீஸ் ரோடு அறுந்துபோகாமல் இருந்தால் அவர் ஹைவேக்கே வர மாட்டார். நாட்டுக்கே பைக்கும் லாரியும் செய்து அனுப்புகிற ஓசூர் இருக்கிற மாவட்டத்தை ஒட்டி வாழ்கிறோம். அந்த பைக்கில் ஒரு கிராமத்துக்காரர் பத்திரமாகப் பால் ஊற்றிவிட்டு வர ஒரு துண்டு ரோடு கேட்கிறோம், அவ்வளவுதான்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும். கீரை விற்ற காசு முழுசாக வீட்டுக்கு வருகிறது. அந்தத் திட்டத்தைக் குறை சொல்கிறவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன். ஆனால் இலவசம் என்பது பஸ் வந்தால்தானே? எங்கள் நிறுத்தத்தில் நிற்கிற டவுன் பஸ் மாலை ஏழு மணிக்கு மேல் கிடையாது. அதற்குப் பிறகு புறநகர் பஸ்தான், அதற்குக் காசு, அதுவும் நடத்துநர் மனசு வைத்தால் நிற்கும். ஒருநாள் இரவு ஒரு பஸ்ஸில் “பைபாஸ்ல இறங்கிக்கோம்மா, ஊருக்குள்ள போகாது” என்று காவேரிப்பட்டணத்துக்கு வெளியே இருட்டில் இறக்கிவிட்டார்கள். என்னோடு இறங்கியது ஒரு கைக்குழந்தைக்காரப் பெண். ஷேர் ஆட்டோ வருகிறவரைக்கும் செல்போன் வெளிச்சத்தில் நின்றோம்.

அதே ரோட்டில் விடிகாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற பஸ்கள். எந்த ஊரில் எத்தனை பேர், ஷிஃப்ட் எத்தனை மணிக்கு, எங்கே நின்றால் வசதி என்று கேட்டு எழுதித்தான் அந்த வண்டிகள் ஓடுகின்றன. இரவு ஷிஃப்ட் முடிந்தால் கிராமத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து இறக்குகிறார்கள். அப்படியென்றால் இது முடியாத காரியம் அல்ல. 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில் 25 கிலோமீட்டர் வரை தடம் கொடுக்கலாம், அதில் பெரும்பகுதி பஸ்ஸே போகாத ஊர்களாக இருக்க வேண்டும். நல்ல விதி. அந்தத் தடத்தையும் நேரத்தையும் ஊரைக் கேட்டுப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மாவட்டத் தலைநகராக இருந்தும் கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்கும் சின்ன ரயில் ஓடியது. பிறகு இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். மொரப்பூர் - தர்மபுரி பாதை 36 கிலோமீட்டர்தான், அதற்கு நாம் இன்னும் காத்திருக்கிறோம். இதற்கிடையில் 2024-இல் ஓசூருக்கு விமான நிலையம் அறிவித்தார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன மாவட்டம் இது என்பதை மட்டும் யாரும் மறந்துவிடக் கூடாது.

இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு மேஜை வேண்டும். நெடுஞ்சாலை மத்திய அரசுடையது, மாவட்டச் சாலை மாநிலத்துடையது, எங்கள் ஊர் ரோடு ஊராட்சி ஒன்றியத்துடையது, பஸ் போக்குவரத்துத் துறையுடையது. பாலத்தடி ஓரிடத்தில், பஸ் நிறுத்தம் வேறிடத்தில் இருப்பதற்குக் காரணம் இதைத் தவிர வேறில்லை. அரசியலமைப்பிலேயே மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று இருக்கிறது, கிராமத்தையும் நகரத்தையும் சேர்த்துத் திட்டம் போடுவதற்கென்றே. கலெக்டர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவும் இருக்கிறது. அந்தக் கூட்டங்களில் நடந்து போகிறவர்களுக்காகவும் சைக்கிளில் போகிறவர்களுக்காகவும் யாராவது ஒரு வரி பேச வேண்டும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவோடு நானும் கிளம்பினேன். நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்று, தாண்டுகிறவர்களைக் கோடு போட்டு எண்ணினேன். சந்தைக்குப் போகிறவர்கள், பால்காரர்கள், கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்கள், ஆட்டை இழுத்துக்கொண்டு ஒரு தாத்தா. நோட்டில் ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. பிறகு வீடு வீடாகப் போய், ரோட்டுக்குப் பயந்து எதையெல்லாம் விட்டீர்கள் என்று கேட்டு அதையும் எழுதினேன். அந்தப் பக்கங்கள்தான் அதிகம்.

அடுத்த கிராம சபையில் இந்த நோட்டோடு மனு கொடுக்கப் போகிறோம். கேட்பது இவ்வளவுதான்: இரண்டு பக்கமும் பஸ் நிறுத்தத்தைப் பாலத்தடிக்குப் பக்கத்தில் மாற்றுங்கள், அங்கே விளக்குப் போட்டுத் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள், ஊரிலிருந்து பாலத்தடி வரைக்கும் சர்வீஸ் ரோட்டை இழுத்து அதன் ஓரத்தில் நடக்க இடம் விடுங்கள், இரவு ஒன்பது மணிக்கு ஒரு டவுன் பஸ் விடுங்கள். காரிமங்கலம், குந்தாரப்பள்ளி, சூளகிரி பக்கத்து நண்பர்கள் உங்கள் நிறுத்தத்திலும் ஒரு காலை நேரம் நின்று எண்ணிப் பாருங்கள். நோட்டை எப்படி எழுதினேன் என்று கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

வருகிற செவ்வாய் அம்மா மறுபடி போகிறார். தடுப்புக்கு அந்தப் பக்கம் கூடையை எடுத்துக் கொடுக்க நானும் போகிறேன்.