தேதியைச் சொல்லிவிடுங்கள், ஊரை மட்டும் மறைத்து வையுங்கள்

மனைவியின் கண்ணைக் கட்டி, காரில் ஏற்றி, ஏதோ ஒரு ரிசார்ட் வாசலில் இறக்கி "சர்ப்ரைஸ்!" என்று கத்தும் ரீல்ஸ் இப்போது வரிசையாக வருகின்றன. கீழே ஒரு கூட்டம் ஹார்ட்டின் போட்டுத் தள்ளுகிறது. இன்னொரு கூட்டம் "பிள்ளைங்களை எங்க விட்டீங்க?" என்று கேட்கிறது. ஏற்பாடு செய்தவர் கணவர்தான், ஆனால் கேள்வி என்னவோ அந்தப் பெண்ணுக்குத்தான் போகிறது.

எனக்கு வரும் சந்தேகம் வேறு. அவளுடைய பையை யார் அடுக்கினார்கள்? வீட்டில் ஊற வைத்த உளுந்து என்ன ஆனது? திங்கட்கிழமை யூனிட் டெஸ்ட் இருக்கிறதா இல்லையா? கண்ணைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற அந்த அரை நிமிடத்தில் அவள் மனசுக்குள் ஓடுவது இதெல்லாமாகத்தான் இருக்கும். என் மனசுக்குள் ஓடும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவி இருவரும் பிள்ளைகளை விட்டுவிட்டு இரண்டு நாள் எங்காவது போவதற்கு நான் முழு ஆதரவு. யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆனால் இந்தத் திடீர் சர்ப்ரைஸ் என்பதில் எனக்குப் பாதி சம்மதம்தான். ஊர் ரகசியமாக இருக்கட்டும். தேதி ரகசியமாக இருக்கக் கூடாது.

நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். மாதா மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள். 19-ஆம் தேதி வந்து என் கண்ணைக் கட்டினால், சர்ப்ரைஸ் எனக்கு இருக்காது, கட்டினவருக்குத்தான் இருக்கும். இன்னொரு தேதியும் உண்டு. அதை வெளியில் சொல்ல நாம் கூச்சப்படுவோம். ஆனால் கடற்கரையில் ரூம் போடுகிற கணவருக்காவது அந்தத் தேதி தெரிந்திருக்க வேண்டாமா?

போன மாதம் இவர் செய்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. புதன்கிழமை ராத்திரி பாத்திரம் ஒதுங்கவைக்கும் நேரத்தில் வந்து, "சனி ஞாயிறு எதுவும் வெச்சுக்காத. நாம ரெண்டு பேரும் வெளியூர் போறோம். எங்கேன்னு கேக்கக் கூடாது" என்றார். பசங்க என்று ஆரம்பித்தேன். "அம்மாகிட்ட கேட்டாச்சு. அக்காவும் வந்து இருக்கேன்னு சொல்லிட்டாங்க" என்றார். எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் என்று எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. மனசுக்குள் ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டேன், வெள்ளிக்கிழமை உட்கார்ந்து அத்தையிடம் ஒப்பிக்க வேண்டும் என்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இவருடைய கோழிக் கிறுக்கல். "சின்னவளுக்கு இருமல் வந்தா பிரவுன் பாட்டில், 5 எம்.எல்., மூடியில இருக்கற கோடு வரைக்கும். பச்சை மூடி டப்பா இன்னிக்கு அரைச்ச மாவு. நீல மூடி புளிச்சது, தோசைக்கு மட்டும். சனி 10 மணி பாட்டு கிளாஸ், ஆட்டோ அண்ணன் வருவார், காசு குடுத்தாச்சு. பெரியவன் சயின்ஸ் ரெக்கார்டுல படம் பாக்கி இருக்கு, இல்லன்னு சொல்லுவான், நம்ப வேண்டாம். ராத்திரி எட்டுக்கு மேல டேப் கிடையாது." கடைசியில், பால் ஒரு பாக்கெட் கூடுதலாகச் சொல்லியிருப்பதாக ஒரு வரி.

பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே படித்தேன். பட்டுப்புடவை, கொலுசு எல்லாம் இதற்கு அப்புறம்தான். நீல மூடி டப்பாவில் இருப்பது புளித்த மாவு என்று இந்த மனுஷனுக்குத் தெரியும் என்பதே எனக்குப் பெரிய செய்தி.

ரூம் போடுவது இன்றைக்கு ஒரு வேலையே இல்லை. போனில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டை யாராவது மனசில் சுமந்துகொண்டே இருக்கிறார்களே, அந்தச் சுமையை இரண்டு நாளைக்கு இறக்கி வைப்பதுதான் வேலை. அதை இறக்காமல் எந்த ரிசார்ட்டுக்குக் கூட்டிப் போனாலும், அவள் நீச்சல்குளத்துப் பக்கம் நின்றுகொண்டு "கேஸை மூடினீங்களா அத்தை" என்று போன் பேசிக்கொண்டுதான் இருப்பாள்.

சனிக்கிழமை காலையில் திருச்சியிலிருந்து கிளம்பினோம். வண்டி தஞ்சாவூர் பக்கம் திரும்பியது. தஞ்சாவூரையும் தாண்டி கும்பகோணம் வந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. சுற்றிலும் நவக்கிரகக் கோயில்கள். மாமியார் ஏதாவது பரிகாரம் சொல்லி அனுப்பியிருப்பாரோ என்று நினைத்தேன். "அதெல்லாம் இல்ல, வா, காபி குடிப்போம்" என்றார்.

அதுவரை நாங்கள் பேசியது முழுக்கப் பிள்ளைகளைப் பற்றித்தான். பெரியவனின் கணக்கு மார்க், சின்னவளின் பல், ஸ்கூல் வேன் கட்டணம். அது தீர்ந்ததும் கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. கும்பகோணத்தில் டபரா டம்ளர் வந்தபோது இவர் "எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்றார். இரண்டு ஸ்பூன் போட்டுக் குடிக்கிறவர். என்ன விஷயம் என்று கேட்டேன். ஆபீசில் எடுத்த டெஸ்ட்டில் சுகர் பார்டரில் இருக்கிறதாம். வந்து சில வாரம் ஆகிவிட்டதாம். "எப்ப சொல்றது? பசங்க பக்கத்துலயே இருக்காங்க. அவங்க தூங்கினா நீயும் தூங்கிடற" என்றார்.

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் பேசி முடிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. பேசுவது எல்லாமே சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில், பாதிப் பாதியாக. இந்த மாதிரிப் பயணத்தை ஏதோ ஆடம்பரம், இன்பச் சுற்றுலா என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்தக் காபியைத்தான் காட்டுவேன்.

மயிலாடுதுறை, செம்பனார்கோயில், ஆக்கூர் தாண்டித் திருக்கடையூர். கோயில் பக்கம் வண்டி நகரவே இல்லை, அப்படிக் கூட்டம். எமனைச் சிவன் உதைத்த தலம் என்பதால் ஆயுள் வேண்டி வருகிற ஊர். அறுபது முடிந்தால் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம். எந்தப் பக்கம் பார்த்தாலும் கழுத்தில் மாலையோடு வயதான ஜோடிகள். பின்னால் மகன், மருமகள், பேரன், பேத்தி என்று ஒரு வேன் நிறைய ஆட்கள். ஒரு பாட்டி வெட்கத்தில் தலையை நிமிர்த்தவே இல்லை. தாத்தா மட்டும் போட்டோவுக்கு நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் வண்டி நகராமல் நின்ற நேரத்தில் ஒன்று தோன்றியது. நம் குடும்பங்களில் கணவன் மனைவியை ஜோடியாக நிற்க வைத்து அழகு பார்ப்பது இரண்டு சமயத்தில்தான். கல்யாணமான புதிதில் விருந்துக்கும் தேனிலவுக்கும் அனுப்பி வைக்கிறோம். அப்புறம் அறுபதில் திருக்கடையூர். நடுவில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறதே, அதில் அவர்கள் யார்? அப்பா, அம்மா. ஃபீஸ் கட்டுகிறவர், டிபன் கட்டுகிறவள். அந்த நடுக்காலத்தில் இரண்டு பேர் மட்டும் கையை வீசிக்கொண்டு கிளம்பினால், "இந்த வயசுல என்ன வேண்டிக்கிடக்கு" என்கிறோம். அறுபதில் இரண்டாவது முறை தாலி கட்டுகிறவர்களுக்கு, நாற்பதில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட நேரம் கொடுத்தோமா என்று யாரும் கேட்பதில்லை.

அங்கிருந்து கால் மணி நேரத்தில் தரங்கம்பாடி. அதுதான் இவர் மறைத்து வைத்திருந்த ஊர். பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி, நான் பார்த்ததில்லை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்னும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-இல் ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போகும்வரை இருநூறு வருடத்துக்கு மேல் இது அவர்கள் ஊர். 1706-இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சுக்கூடம் நடத்தியதும், 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் இங்கேதான். இவ்வளவு இருந்தும் ஊர் சின்னது, சத்தமில்லாதது. ராஜ வீதியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக நடந்தாலும் கொஞ்ச நேரம்தான். பார்க்க வேண்டிய இடம் என்று பெரிய பட்டியல் இல்லாததே இந்த ஊரின் சிறப்பு. இதற்கே இவருக்கு நூற்றுக்கு நூறு போடலாம். ஊட்டிக்குப் போயிருந்தால் அந்த பாயிண்ட், இந்த பாயிண்ட் என்று ஓடியிருப்போம், இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும்.

கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மேலும் அரிக்காமல் இருக்கக் கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கல்லில் உட்கார்ந்தோம். இந்த ஊர்க் காற்றில் ஓசோன் அதிகம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மீன் வாசனைதான் வந்தது. பசித்தது.

சின்ன மெஸ்ஸில் சங்கரா மீன் வறுவல். முள் பார்த்துச் சாப்பிட வேண்டிய மீன். வீட்டில் இந்த மீன் வாங்கினால் என் விரல்கள் முழு நேரமும் பிள்ளைகள் தட்டில்தான் இருக்கும். முள் எடுத்து, உதிர்த்து, இன்னொரு தரம் தடவிப் பார்த்துக் கொடுத்துவிட்டு என் தட்டுக்கு வரும்போது சோறு ஆறியிருக்கும், வறுவல் வதங்கியிருக்கும். அன்றைக்கு ஒரு முழு மீன், சூட்டோடு, தலையிலிருந்து வால் வரை, என் முள்ளை மட்டும் எடுத்துக்கொண்டு சாப்பிட்டேன். இவர் ஏதோ பேசினார், நான் பதிலே சொல்லவில்லை. அப்புறம் ரூமுக்குப் போய்ப் படுத்தவள் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுந்தேன். ரீல்ஸில் ரோஜா இதழ் தூவிய கட்டிலைக் காட்டுகிறார்கள். அந்தக் கட்டிலில் நிம்மதியாகத் தூங்கவிட்டாலே போதும் என்று இருக்கிற அம்மாக்கள்தான் நாட்டில் அதிகம்.

ராத்திரி வீடியோ கால் போட்டோம். சின்னவள் அழுவாள் என்று நினைத்தேன். "என்ன வாங்கிட்டு வர்றீங்க?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டாள். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது! பின்னால் டேப் சத்தம் கேட்டது. மணி ஒன்பதரை. ஃப்ரிட்ஜ் தாள் அவ்வளவுதான்.

கோட்டை முன்னால் எடுத்த ஒரே படத்தை இருவரும் அவரவர் ஸ்டேட்டஸில் வைத்தோம். இவருக்கு வந்ததெல்லாம் "சூப்பர் மாப்ள", "கலக்கு". எனக்கு "பசங்க எங்க?", "பாவம் பசங்க", அப்புறம் ஒரு சித்தியிடமிருந்து, "எங்களுக்கெல்லாம் விட்டுட்டுப் போக மனசே வராதும்மா." அதே படம், அதே கோட்டை. இதற்கு மேல் நான் என்ன விளக்கம் சொல்வது?

ஆனால் ஒரு கேள்வி நியாயமானது, அதைத் தள்ளிவிட மாட்டேன். பார்த்துக்கொள்கிற பெரியவர்களுக்கு இது கூலியில்லாத வேலைதானே? ஆமாம். அதனால்தான் "விட்டுட்டுப் போறோம்" என்று சொல்வதற்கும் "முடியுமா?" என்று கேட்பதற்கும் நிறைய தூரம். முட்டி வலியோடு இருக்கிற அறுபத்தைந்து வயதுக்காரரிடம் இரண்டு பிள்ளைகளை விடுவதானால் கூட ஒரு ஆள் வேண்டும், சமையலைக் குறைக்க வழி வேண்டும், முடியாது என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். நாத்தனார் வந்து இருந்ததால்தான் எங்களால் போக முடிந்தது. அவர் பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் எங்கள் வீட்டில் இரண்டு நாள். அது பேச்சு.

விட்டுவிட்டுப் போக யாருமே இல்லாதவர்கள் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் தனியாக இருக்கிற என் தோழிகள் பாதிப் பேர் அப்படித்தான். அவர்களுக்கு நான் சொல்வது, வார நாளில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு லீவு போடுங்கள். பிள்ளைகள் ஸ்கூலில் இருக்கிற ஆறு மணி நேரம் முழுதாக உங்களுடையது. நாங்கள் அப்படி முக்கொம்பு போயிருக்கிறோம். ஆபீசில் என்ன காரணம் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

திரும்பி வந்ததும் அத்தையிடம், ரொம்பச் சிரமமாகிவிட்டதா என்று கேட்டேன். "ஒரு சிரமமும் இல்ல. நல்லா இருந்துச்சா?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "நானும் மாமாவும் தனியாப் போனதுன்னா ஆஸ்பத்திரிக்குத்தான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

மாமாவுக்கு வருகிற தையில் எழுபது. திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்ய வேன், மண்டபம், சாப்பாடு என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் நாத்தனாரிடம், அதற்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரை மட்டும் தரங்கம்பாடிக்கு அனுப்பி வைப்போமே என்றேன். "தனியா அங்க போய் ரெண்டு பேரும் என்ன பண்ணுவாங்க?" என்றார். ஒன்றும் பண்ண வேண்டாம், அதற்குத்தான் அனுப்புவது என்றேன். இது சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று பேசிக்கொண்டோம், ஆனால் எங்கள் வீட்டுச் சுவருக்குக் காது உண்டு. மறுநாள் காலையில் அத்தை என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "அந்த ரூம்ல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார்.