தேடல் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கட்டத்தை யார் டிக் செய்து வைக்கச் சொன்னது?

குற்றவியல் நீதி பற்றி ஆராய வருகிறவர்களை நூலகத் தரவுத்தளங்கள் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. முகப்பில் ஒற்றைத் தேடல் பெட்டியை வைத்துவிட்டு, சரியான தலைப்புகளைக் காட்டும் தெசாரஸை எங்கோ ஓர் ஓரத்தில் ஒளித்து வைக்கிறார்கள்.

சிறையிலிருந்து வந்தவர் மறுபடி குற்றம் செய்வதைத் தேடுங்கள். அமெரிக்கக் கட்டுரைகள் 'ரெசிடிவிசம்' என்று சொல்லும். பிரிட்டிஷ் அறிக்கைகள் 'ரீஅஃபெண்டிங்' என்று சொல்லும், அதிலும் நடுவில் கோடு போட்டு ஒருவர், போடாமல் ஒருவர். ஒன்றைத் தட்டினால் மற்றது வருமென்று எந்த உத்தரவாதமும் இல்லை. மூன்று வடிவங்களையும் நடுவில் 'ஆர்' (OR, அதாவது 'அல்லது') போட்டு அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். அடைப்புக்குறியை விட்டால் அவ்வளவுதான்: 'போலீஸ் ஆர் பிரிசன் அண்ட் வயலன்ஸ்' என்று கொடுத்தால் பல தளங்கள் 'அண்ட்'டை முதலில் முடித்துக்கொண்டு, போலீஸ் என்ற சொல் இருக்கிற அத்தனையையும் தலையில் கொட்டும். சொல்லின் மிச்சம் எதுவானாலும் தேடச் சொல்லும் நட்சத்திரக் குறியும் (*) அப்படித்தான். 'பிரிசன்' முடிவில் போட்டால் 'பிரிசனர்' வரும், 'இம்பிரிசன்மென்ட்' வராது. 'கிரிம்' என்று நறுக்கிப் போட்டால் 'கிரிம்சன்' நிறம்கூட வந்து நிற்கும்.

நூல் பட்டியலில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வகுத்த பொருள் தலைப்பு 'கிரிமினல் ஜஸ்டிஸ், அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப்'. இப்படித் திருப்பிப் போட்டுத் தேட எந்த மாணவருக்குத் தோன்றும்? அலமாரியிலும் நூல்களை வகைப்படுத்தும் டூயி எண் குற்றவியலை 364-இலும், சிறைகளை 365-இலும், காவல்துறையை 363.2-இலும், குற்றச் சட்டத்தை 345-இலும் பிரித்துப் போடுகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். 'பியர் ரிவ்யூ' (துறை வல்லுநர்கள் சரிபார்த்தவை மட்டும்), 'முழு உரை மட்டும்' என்ற கட்டங்களை முன்கூட்டியே டிக் செய்து வைக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை! இந்தத் துறையின் எண்கள் பெரும்பாலும் அரசு அறிக்கைகளிலும் சிறைத்துறை ஆய்வுகளிலும்தான் கிடக்கின்றன. முதல் கட்டம் அவற்றை ஒட்டுமொத்தமாக மறைத்துவிடும். பெரும்பாலும் அது சலிப்பது இதழை, கட்டுரையை அல்ல. அதனால் அதே இதழின் தலையங்கமும் நூல் மதிப்புரையும் தாராளமாக உள்ளே வரும். இரண்டாவது கட்டம் இன்னும் மோசம். அதே நூலகம் வேறொரு தரவுத்தளத்தில் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிற கட்டுரையையும் அது இல்லாததாக்கிவிடும். கட்டத்தை எடுத்துவிட்டு, பதிவின் அருகில் இருக்கும் 'முழு உரையைக் கண்டுபிடி' பொத்தானை அழுத்தினால் அது அங்கேயே இருக்கும்.

அமெரிக்க நீதித்துறை 1972-இல் தொடங்கிய என்.சி.ஜே.ஆர்.எஸ். (தேசியக் குற்றவியல் நீதித் தகவல் சேவை) சுருக்கங்கள் இப்படிப்பட்ட அறிக்கைகளும் இருக்கிற இலவசக் களஞ்சியம். அதை முதல் பக்கத்தில் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

இப்போதைக்கு வழி ஒன்று இருக்கிறது. பொருத்தமான ஒரே ஒரு கட்டுரையைப் பிடியுங்கள், அதன் பதிவில் உள்ள பொருள் தலைப்புகளை அப்படியே எடுத்து, பொருள் தலைப்பை மட்டும் தேடும் பெட்டியில் போட்டுத் தேடுங்கள். ஆனால் தளத்தை அமைக்கிறவர்களே, அந்த டிக்குகளை எடுக்க உங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இன்றைக்கே எடுங்கள்.