நைஜீரியாவில் எபோலாவை நிறுத்தியது தடுப்பூசி அல்ல

2014இல் நைஜீரியா எபோலாவைத் தடுப்பூசி போட்டு நிறுத்தியது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. அப்போது அனுமதி பெற்ற எபோலா தடுப்பூசியே கிடையாது.

லைபீரியாவிலிருந்து நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கு வந்த எபோலா நோயாளியை மருத்துவமனையிலிருந்து வெளியே அனுப்பச் சொல்லி அழுத்தம் வந்தபோதும் மருத்துவர் அமேயோ அடாடெவோ மறுத்துவிட்டார். அப்புறம் அவரையே அந்த நோய் கொன்றது. அவர் பெயரைச் சொல்லாமல் இதைப் பேசுவது நியாயமில்லை.

போலியோ ஒழிப்புக்காக ஏற்கெனவே இயங்கிய அவசரச் செயல்பாட்டு அமைப்பிலிருந்து அனுபவசாலிகளை உடனே எபோலா பணிக்கு மாற்றினார்கள். ஒரே தலைமை, ஒரே கட்டுப்பாட்டு மையம். நோயாளிகளுடன் தொடர்பில் இருந்த சுமார் 900 பேரைத் தேடிப் பிடித்து, 21 நாள் வரை வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். மொத்தம் 20 பேருக்குத்தான் நோய், 8 பேர் இறந்தார்கள். அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.