பதினேழு வயதுக்கு முன்னால்

'17 வயதுச் சிறுவன் வெட்டினான்' என்று செய்தி வந்தால் போதும், அரைமணி நேரத்தில் கமென்ட் பகுதியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். "இவனுங்களுக்கு எதுக்குக் கூர்நோக்கு இல்லம், சுட்டுத் தள்ளுங்க." (வழக்கில் சிக்கிய சிறார்களை ஜெயிலுக்குப் பதிலாக வைக்கும் இடம்தான் கூர்நோக்கு இல்லம்.) செத்தவர் வீட்டார் அப்படிச் சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். மற்றவர்களோடு கொஞ்சம் பேசலாம்.

இலவசச் சட்ட உதவிக்காக, சிறார்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போய்வருகிறேன். செல்போன் பறித்த வழக்கில் வந்த பையன் ஒருவனிடம், ஜாமீன் கிடைத்துவிடும், அப்பா வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போவார் என்றேன். "அப்ப ஜாமீன் வேணாம் சார். ஆயா வந்தா போறேன்" என்றான். அழவில்லை, கதை எதுவும் சொல்லவில்லை. பஸ் மாறிப் போகச் சொல்வது போலச் சொன்னான். பெற்றோரிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை, தகுதியான வேறு ஒருவரின் பொறுப்பிலும் விடலாம். ஆயா வந்தார், கூட்டிப்போனார். ஆனால் கைதான நாளிலிருந்து அதுவரை அவனிடம் பேசிய யாரும் வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை. எத்தனை போன், யாரிடம் விற்றாய், கூட யார் யார், அவ்வளவுதான்.

"எங்கப்பாவும்தான் பெல்ட்டால விளாசினார், நான் திருடவா போனேன்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்க ஆய்வாளர் கேத்தி விடம் 1989-இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய இதைத்தான் பார்த்தது. கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவில் இருந்த 908 பிள்ளைகளை, அப்படிப் பதிவு இல்லாத, மற்றபடி அதே மாதிரி சூழலில் வளர்ந்த 667 பிள்ளைகளோடு ஒப்பிட்டார். பதினெட்டுக்குள் கைதானவர்கள் முதல் கூட்டத்தில் 26 சதவீதம், இரண்டாவதில் 17. அடிபட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் குற்றத்தின் பக்கமே போகவில்லை என்பதும் இதில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. பெல்ட் அடி வாங்கியும் நன்றாக வந்தவரைக் கேட்டால் நடுவில் ஓர் அத்தையோ, டீச்சரோ, ஆயாவோ பெரும்பாலும் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு பெல்ட்டுக்கு மட்டும் நன்றி சொல்கிறோம்.

இனி மறுபக்கம்: குற்றத்தில் சிக்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் கொடுமையைப் பார்த்தவர்கள்? புளோரிடாவில் குற்ற வழக்குகளில் சிக்கிய 64,329 சிறார்களை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. அடி, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு, வீட்டில் போதை, கண்ணெதிரே வீட்டுக்குள் நடக்கும் வன்முறை, சிறைக்குப் போன குடும்பத்தார் என்று பத்து வகைப் பட்டியல். அதில் ஒன்றுகூட இல்லாத பிள்ளைகள் 2.8 சதவீதம்தான்.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள நம் ஊர்ச் சண்டைகளே போதும். பாதி வழக்கு "என்னடா முறைக்கிற?" என்பதில்தான் ஆரம்பிக்கிறது. தினமும் அடி எங்கிருந்து வரும் என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு, சும்மா பார்த்தவனும் அடிக்க வருகிறவனாகத் தெரிவான். அதனால் முந்திக்கொள்வான். பள்ளியில் அதற்குப் பெயர் திமிர், டி.சி. கொடுத்து அனுப்புவார்கள். தெருமுனையில் ஓர் 'அண்ணன்' பிரியாணி வாங்கித் தருவார், "நம்ம பையன்" என்பார். அந்த வார்த்தையை வீட்டில் கேட்டிராத பையன் அவருக்காக எதையும் செய்வான். சின்னப் பையன் என்றால் தண்டனை குறைவு என்று தெரிந்தே அவன் கையில் அரிவாளைக் கொடுப்பது இந்த அண்ணன்கள்தான். கமென்ட்டில் இவர்களைச் சுடச் சொல்லி யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. 2015-இன் இளைஞர் நீதிச் சட்டப்படி நன்னடத்தை அலுவலர் 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை, அதாவது பிள்ளையின் வீடும் சூழலும் எப்படி என்ற அறிக்கை, குழுமத்துக்குத் தர வேண்டும். அதற்கான படிவம் 6-ஐ எடுத்துப் பாருங்கள். பிள்ளை கொடுமைக்கு ஆளானதா, எந்த வகை, யாரால், கும்பலோ பெரியவர்களோ பயன்படுத்தினார்களா, எல்லாம் கேட்டிருக்கிறது. நான் பார்த்தவற்றில் பலவற்றில் அந்தக் கட்டங்களில் 'இல்லை', 'இல்லை'. கடைசியில் காரணம் என்ற இடத்தில் 'சேர்க்கை சரியில்லை'. முன்பின் தெரியாத அலுவலரிடம், அதுவும் அப்பா பக்கத்தில் நிற்கும்போது, எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? 16 வயது தாண்டியவனைக் கொடுங்குற்ற வழக்கில் பெரியவனாக விசாரிக்கலாமா என்ற முடிவு வரைக்கும் இந்தக் காகிதம் போகிறது.

அப்புறம் உள்ளே. 2022 டிசம்பரில் பேட்டரி திருடியதாகச் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் இறந்தான். அடித்ததாக ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகு இந்த இல்லங்களைச் சீர்திருத்தப் பரிந்துரைகள் கேட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2023-இல் அறிக்கையும் வந்தது. அடிக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளையை இந்த மாதிரி இடத்தில் வைத்துத் திருத்துவோம் என்றால் என்ன சொல்வது?

வெட்டுப்பட்டவருக்கு நீதி வேண்டும், பொறுப்பும் அந்தப் பையனுக்கு உண்டு. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இதைப் படிக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கு ஒன்று. ஜாமீன் மனு போடும்போதே சமூக விசாரணை அறிக்கை வந்துவிட்டதா, அலுவலர் வீட்டுக்கு நேரில் போனாரா, பிள்ளையிடம் தனியாகப் பேசினாரா என்று குழுமத்தில் கேளுங்கள். 'இல்லை' என்று பதில் வந்தால் அதை எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.