கப்பலின் பின்பக்கம் எழுதியிருக்கும் ஊர்

குன்னூரில் இருக்கும் என் அக்காவின் மகன் சரக்குக் கப்பலில் என்ஜின் வேலை பார்க்கிறான். போன மாதம் அவன் அனுப்பிய படத்தில், கப்பல் பெயருக்குக் கீழே மன்ரோவியா என்று எழுதியிருந்தது. "இது எந்த ஊரு தம்பி? அங்க போறதா இவன் சொல்லவே இல்லையே" என்றாள் அக்கா. லைபீரியாவின் தலைநகரம், கப்பலைப் பதிந்த இடம், அந்தத் துறைமுகத்துக்கு அது போனதே இல்லாமலும் இருக்கலாம் என்றேன். "அப்போ இவனுக்கு ஒண்ணுன்னா யாரு கேப்பா?" உடனே பதில் வரவில்லை எனக்கு.

பதிந்த நாட்டின் கொடிதான் கப்பலில் பறக்கும்; எந்தக் கொடி பறக்கிறதோ அந்த நாட்டுக் கப்பல் அது. கொடிக்கும் கப்பலுக்கும் உண்மையான தொடர்பு வேண்டும் என்று 1982-ன் ஐ.நா. கடல் சட்டம் சொல்கிறது. நடப்பது வேறு. 2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் ஏமன் நாட்டு ஆயுதக் குழுவான ஹூத்திகள் ஹெலிகாப்டரில் வந்து 'கேலக்சி லீடர்' கப்பலைப் பிடித்தார்கள். இஸ்ரேல் தொடர்புள்ள கப்பல் என்பது அவர்கள் சொன்ன காரணம். கொடி பஹாமாஸ். உள்ளே இருந்த 25 பேரும் பிலிப்பைன்ஸ், உக்ரைன், பல்கேரியா, ருமேனியா, மெக்சிகோக்காரர்கள். ஒருவர்கூட இஸ்ரேலியர் இல்லை. 2025 ஜனவரியில்தான் விட்டார்கள். பதினான்கு மாதம்!

சட்டம் இல்லாமல் இல்லை. நீர்மூழ்கிகளுக்காக 1936-ல் லண்டனில் எழுதிய விதி இன்றும் நிற்கிறது: நில் என்று சொல்லியும் நிற்காமல் போனாலோ, சோதனையை எதிர்த்தாலோ தவிர, வணிகக் கப்பலை மூழ்கடிக்கும் முன் ஆட்களைப் பத்திரமான இடத்தில் சேர்க்க வேண்டும். உயிர்காப்புப் படகில் ஏற்றிவிட்டால் போதாது. கரையோ வேறு கப்பலோ பக்கத்தில் இருந்து, கடலும் வானிலையும் தோதாக இருந்தால்தான் படகு பத்திரமான இடம். எழுதியவர்களுக்குக் கடல் தெரிந்திருக்கிறது. 2024 மார்ச்சில் ஏடன் வளைகுடாவில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' என்ற சரக்குக் கப்பல் மீது ஹூத்திகளின் ஏவுகணை விழுந்து 3 மாலுமிகள் செத்தார்கள். மிச்சப் பேரைக் கரை சேர்த்தது நம் கடற்படையின் ஐ.என்.எஸ். கொல்கத்தா. அந்தக் கப்பலின் கொடி பார்படோஸ்.

என் கோபம் இன்னொரு இடத்தில். கடற்கொள்ளையரோ ஆயுதக் கொள்ளையரோ பிடித்து வைத்தால் அத்தனை நாளும் மாலுமிக்குச் சம்பளம் ஓட வேண்டும் என்று, சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தில் 2018-ல் ஒரு திருத்தம் செய்தார்கள். நல்ல திருத்தம். ஆனால் தனிப்பட்ட நோக்கத்துக்காகச் செய்தால்தான் சட்டத்தில் அது கடற்கொள்ளை. போர், அரசியல் என்று சொல்லிப் பிடித்தால்? கம்பெனி வக்கீல் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். வீட்டில் கடன் தவணை காத்திருக்குமா?

மாலுமிகளை அதிகம் அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. யார் பிடித்தாலும், எதற்காகப் பிடித்தாலும் சம்பளம் நிற்கக் கூடாது என்று அந்த வரியை மாற்றச் சொல்லி நாம்தான் முதலில் கேட்க வேண்டும். பிடிபட்டவனின் சொந்த நாட்டுக்கும் வழக்குப் போடும் உரிமை வேண்டும். குன்னூர் பக்கத்தில் வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் படிக்கும் கடற்படை அதிகாரிகளைத் தினமும் பார்க்கிறோம். கப்பலை மீட்க அவர்கள் போவார்கள், சரி. மீட்டபின் அந்தப் பையனின் சம்பளத்தை யார் வாங்கித் தருவது?

அடுத்த மாதம் அக்கா மகன் கப்பல் வேலை முடிந்து, சைன் ஆஃப் ஆகி வருகிறான். அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போடும் முன் காகிதத்தை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் கடலுக்குப் போகும் பிள்ளை இருந்தால் அந்தச் சம்பளப் பகுதியை வாங்கிப் படித்துப் பாருங்கள்.